ஏசி அறைக்குள் காற்று எங்கிருந்து வருகிறது? திருகோணமலைக் கந்தோர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஏசி பூட்டுகிற, கழுவுகிற, திருத்துகிற ஆள். உட்துறைமுக வீதியில் இருந்து உவர்மலை வரை அரச அலுவலகம், வங்கி, காப்புறுதி, கணக்காளர் என்று ஏறி இறங்காத படி குறைவு. ஏணியில் நிற்கும்போது கீழே இருந்து கேள்வி வரும். "தம்பி, கேஸ் குறைஞ்சிட்டுதோ?" என்று தொடங்கி, "இந்த அறைக்குள்ள வந்தாலே ஏன் தலை பாரமாக் கிடக்கு?" என்பதில் வந்து முடியும். பத்து வருடமாக அதே கேள்விகள். இனி அச்சடித்தே கொடுத்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஏசி போட்டிருக்கிறோமே, பிறகு தனியாகக் காற்றோட்டம் எதற்கு?

சுவரில் தொங்குகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை ஒரு மூச்சுக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியில் இருக்கிற பெட்டி காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே போகிற செப்புக் குழாயில் ஓடுவது கேஸ் மட்டும். உள்ளே இருக்கிற பெட்டி உங்கள் அறையில் உள்ள காற்றையே மேலால் இழுத்து, காயில் என்கிற குளிர்ந்த குழாய்ச் சுருளில் ஓடவிட்டு, திரும்ப உங்கள் தலையில் விடுகிறது. காலை எட்டரைக்கு அடைபட்ட காற்றைப் பின்னேரம் நாலேகால் வரை அத்தனை பேரும் மாறி மாறி மூச்சு விடுகிறீர்கள்.

சீலிங்கில் பூட்டுகிற கேசட் ஏசியும் பெரும்பாலும் இதே கதைதான். வெளிக்காற்றுக் குழாய் இணைக்க அதில் அடைத்த துவாரம் ஒன்று இருக்கும்; அதைத் திறந்து குழாய் போட்டவர்களை அரிதாகவே கண்டிருக்கிறேன். பெரிய கட்டடங்களில் குழாய் வழியாக வருகிற மத்திய ஏசிக்கு வெளிக்காற்று வரும் வாயில் ஒரு தடுப்புத் தகடு உண்டு, டம்பர் என்போம். கரண்ட் பில் ஏறுகிறது என்று யாராவது அதைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு திறக்க ஒருவருக்கும் நினைவு வராது.

பழைய கட்டடங்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும். உயரமான கூரை, சுற்றி விறாந்தை, கதவுக்கு மேலே சீமெந்தால் வார்த்த காற்றுத்துளை வரிசை. கட்டியவர்கள் இந்த ஊர் வெக்கையை அறிந்து கட்டியிருக்கிறார்கள். ஏசி வந்ததும் அந்தத் துளைகளுக்குப் பலகை அடித்தாயிற்று. ஓர் அலுவலகத்தில் பலகைகூட இல்லை. பழைய பத்திரிகையை நாலாக மடித்துச் செருகி, மேலே மண்ணிறச் செலோடேப். மூன்று மணிக்குக் கையில் இருந்த காபனீரொட்சைட்டு மீட்டர் 2,300 காட்டியது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது அடுத்த பதிலில்.

மூன்று மணிக்கு எல்லோருக்கும் கொட்டாவியும் தலையிடியும். மதியச் சாப்பாட்டு மயக்கம்தானே?

சோறும் காரணம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டு விறாந்தையில் அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உங்களுக்கு நெற்றி இடிக்கிறதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அடிக்கு 15 அடி அறை, உயரம் 10 அடி. மொத்தம் 3,000 கன அடி, அதாவது 85 கன மீட்டர் காற்று. உள்ளே எட்டுப் பேர். மேசை வேலை செய்கிற ஒருவர் மணிக்கு 18 லீற்றர் அளவில் காபனீரொட்சைட்டு வெளிவிடுகிறார். எட்டுப் பேருக்கு 150 லீற்றர் என்று வையுங்கள். வெளிக்காற்றில் அது பத்து இலட்சத்துக்கு 420 பங்கு சொச்சம். இதைத்தான் பிபிஎம் என்கிறோம். அறை முழுக்க அடைபட்டிருந்தால் ஒரே மணித்தியாலத்தில் 2,000ஐத் தாண்டிவிடும். கதவு திறந்து மூடுவதால் நடைமுறையில் இதைவிட மெல்ல ஏறும், ஆனால் ஏறும்.

1,000 பிபிஎம் என்ற எல்லைக்கோட்டை 1858இல் போட்டவர் மியூனிக் நகரத்துச் சுகாதார அறிஞர் மாக்ஸ் வொன் பெட்டன்கோஃபர். ஏசி என்ற சொல்லே இல்லாத காலம். அடைத்த அறையில் மனித நாற்றம் எப்போது தாங்க முடியாமல் போகிறது என்று பார்த்து அந்த அளவைச் சொன்னார். இன்றைக்கும் மீட்டர்களில் பச்சை மஞ்சளாக மாறுவது பெரும்பாலும் அந்த எண்ணை ஒட்டித்தான்.

அப்படியென்றால் காபனீரொட்சைட்டு நஞ்சா?

இந்த அளவில் இல்லை. 1,500இல் மூளை மந்தமாகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அப்படி ஒன்றும் இல்லை என்று வேறு சில சொல்கின்றன. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு அது ஒரு அடையாளம் மட்டும். அது கூடியிருக்கிறது என்றால், உங்கள் மூக்குக்குள் போகிற காற்றில் கணிசமான பங்கு பக்கத்து மேசைக்காரரின் நெஞ்சுக்குள் போய்வந்தது என்று பொருள். அவருக்குத் தடிமன் என்றால் அதுவும் கூடவே வரும். காசநோயும் கோவிட்டும் இப்படிக் காற்றில் மிதந்தே பரவுகின்றன. அதோடு புதுப் பலகை அலுமாரியின் போமல்டிஹைட், சுவருக்கு அடித்த பெயின்ற், தரை துடைத்த பினைல் என்று எல்லாம் வெளியேற வழியில்லாமல் சேர்கின்றன.

ஓர் ஆளுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

ஆஷ்ரே என்கிற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் அளவைத்தான் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். அலுவலகத்துக்கு ஆளுக்கு நொடிக்கு 2.5 லீற்றர், அதோடு தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.3 லீற்றர். 100 சதுர மீட்டருக்கு ஐந்து பேர் என்று வைத்தால் ஆளுக்கு 8.5 லீற்றர் வரும். எங்கள் ஊரில் அந்த இடத்தில் ஐந்து பேரையா இருத்துகிறார்கள்? நெருக்கி இருத்தினால் அந்தச் சூத்திரம் ஆளுக்கு மிகக் குறைவாகத் தருகிறது. அதனால் நான் ஆளுக்கு 9 லீற்றர் என்று நேராகப் பெருக்குவேன். எட்டுப் பேருக்கு 72. மணிக்குக் கணக்கிட்டால் 260 கன மீட்டர். எக்ஸோஸ்ட் ஃபேன் பெட்டியில் கன மீட்டர் அச்சடித்திருக்கும். அது 260க்கு நன்றாக மேலே இருக்கட்டும். வலையும் தூசியும் சேர்ந்தால் பெட்டியில் எழுதியது கிடைக்காது.

இதில் ஒரு பழைய பாடம் உண்டு. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அமெரிக்காவில் இந்த அளவை ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வரை இறக்கினார்கள். கட்டடத்துக்குள் போனால் நோய், வெளியே வந்தால் சுகம் என்ற முறைப்பாடுகள் பெருகின. 1989இல் அலுவலகங்களுக்கு 20 கன அடியாக உயர்த்தினார்கள். 20 கன அடி என்பது நொடிக்கு ஒன்பது லீற்றர் சொச்சம். நான் சொன்ன 9 வானத்தில் இருந்து விழுந்ததில்லை. தொற்றுநோய் பரவுகிற காலத்துக்கு அதே சங்கம் 2023இல் அலுவலகங்களுக்கு, வெளிக்காற்றும் வடிகட்டிச் சுத்தமாக்கிய காற்றும் சேர்த்து, ஆளுக்கு நொடிக்கு 15 லீற்றர் என்று சொல்லியிருக்கிறது.

யன்னலைத் திறந்தால் கரண்ட் பில் எங்கே போய் நிற்கும்?

கூடும். இல்லை என்று சொன்னால் பொய். மேலே சொன்ன 260 கன மீட்டர் வெளிக்காற்றைக் குளிராக்குவதைவிட அதில் இருக்கிற ஈரத்தை எடுப்பதுதான் பெரிய வேலை. புழுக்கமான நாளில் அந்தக் காற்றில் இருந்து மட்டும் மணிக்கு இரண்டு லீற்றருக்கு மேல் தண்ணீரை ஏசி பிழிந்தெடுக்க வேண்டும். ட்ரெய்ன் குழாயின் கீழே வாளி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் எல்லா அலுவலகத்தையும் நாள் முழுக்கத் திறந்து வையுங்கள் என்று சொல்லமாட்டேன். நான் சொல்வது இதுதான்: காலையில் ஏசி போடுவதற்கு முன் ஒரு பதினைந்து நிமிடம், பத்து மணித் தேநீருக்கு ஒரு பத்து நிமிடம், மதியம் சாப்பிடப் போகும்போது ஒரு அரை மணி, மூன்று மணிக்கு ஒரு பத்து நிமிடம். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு யன்னலைத் திறந்து சீலிங் ஃபேனைச் சுழலவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மற்ற நேரம் சின்ன எக்ஸோஸ்ட் ஒன்று மெல்ல ஓடட்டும்.

பில்லை உண்மையில் ஏற்றுவது 18 பாகையில் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருப்பது. 26இல் வைத்து சீலிங் ஃபேனைப் போடுங்கள். சாதாரண ஏசியில் 18 என்று அமத்தினால் வேகமாகக் குளிராது. நிறுத்தாமல் ஓடும், அவ்வளவுதான்.

யன்னலைத் திறந்தால் நுளம்பு வருமே?

நியாயமான பயம். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு ஆடிய ஆட்டத்தை யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் நோயாளர்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, அதாவது அலுவலக நேரத்தில். யன்னலுக்கு வலை அடியுங்கள். வலை காற்றைக் குறைக்கும். தூசி படிந்த வலை இன்னும் குறைக்கும். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம், நுளம்பு எப்போதும் வெளியில் இருந்துதான் வரும் என்றில்லை. ஏசித் தண்ணீர் சொட்ட வைத்த வாளி, பூச்சாடித் தட்டு, தண்ணீர் வடிப்பானின் அடியில் இருக்கிற தட்டு ஆகியவற்றை ஒருதரம் குனிந்து பாருங்கள்.

வெளிக்காற்று மட்டும் சுத்தமா?

இந்த ஊரில் வருடத்தின் பெரும்பகுதி சுத்தம். மூன்று பக்கமும் கடல் இருக்கிற நகரத்துக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. இரண்டு விதிவிலக்கு.

ஒன்று, பேருந்தும் லொறியும் நின்று புகைக்கிற வீதிப் பக்க யன்னல். அதை விட்டுப் பின்பக்கம் திறவுங்கள். மற்றது, மார்கழியை ஒட்டி வாடைக்காற்றோடு வடக்கே இருந்து வருகிற புகைமூட்டம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வானம் சாம்பல் நிறமாகி, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். பிஎம் 2.5 என்கிற நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்த அளவு, ஒரு நாள் சராசரிக்குக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அப்படி மூட்டமான நாளில் யன்னலைச் சாத்துங்கள். அது வருடத்தில் சில நாள். அதைக் காரணம் காட்டி மற்ற நாளெல்லாம் சாத்தக்கூடாது.

ஏசி போட்டதும் புளித்த மணம் வருகிறது. கேஸ் முடிந்துவிட்டதா?

கேஸுக்கும் மணத்துக்கும் சம்பந்தமில்லை. கேஸ் பெற்றோல் மாதிரித் தீர்ந்துபோகிற சாமானும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் வருடாவருடம் கேஸ் அடிக்கிறவரை மாற்றுங்கள்.

மணம் வருவது உள்ளே இருக்கிற அழுக்கில் இருந்து. முன்மூடியைக் கழற்றி, கைத்தொலைபேசி விளக்கைக் காற்று வெளியே வருகிற வாய்க்குள் பிடியுங்கள். நீளமாக உருளை போல ஒன்று தெரியும், அதுதான் புளோவர். அதன் இதழ்களில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சணம். காயில் எப்போதும் ஈரம், மேலே தூசி. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? அதன் மேலாகத்தான் உங்கள் அறையின் காற்று முழுவதும் ஓடுகிறது. போன மாதம் ஒன்றைக் கழுவியபோது பையில் வடிந்த தண்ணீர் கரிச்சட்டி கழுவிய தண்ணீர் மாதிரி. "இதையா மிஸ், மூன்று வருசமாச் சுவாசிச்சனீங்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார்.

வலைப் பில்டரை இரண்டு கிழமைக்கு ஒருதரம் நீங்களே குழாய்த் தண்ணீரில் கழுவலாம், அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம். உள்ளே முழுக் கழுவல் ஆறு மாதத்துக்கு ஒருதரம். கடலோரம் என்றால் வெளிப் பெட்டியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புக்காற்று அலுமினியத் தகட்டைத் தின்று பொடியாக்கிவிடும்.

மாரியில் சுவரிலும் கோப்புகளிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. ஏன்?

மாரி காலத்தில் இங்கே வெளிக்காற்று 23, 24 பாகைக்குக் குளிர்ந்தாலே பனிக்கும் அளவுக்கு ஈரம் சுமந்து வரும். நீங்கள் அறையை 18இல் வைத்தால் சுவரும் அலுமாரியும் அந்த 23, 24 பாகையைவிடக் குளிர்ந்துபோகும். கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று வந்து அதில் ஒட்டும். யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்ப்பதைக் காண்பீர்களே, அதே சங்கதி கோப்புகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பிறகு வெள்ளிக்கிழமை பூட்டினால் திங்கட்கிழமை வரை அசையாத காற்று.

ஈரப்பதனை 60 வீதத்துக்குக் கீழே வைத்தால் பூஞ்சணம் தலையெடுக்காது. மழைநாளில் ரிமோட்டில் டிரை மோட்டைப் போடுங்கள். அலுமாரியைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். சின்ன அறைக்குப் பெரிய ஏசி பூட்டாதீர்கள். அது சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும், ஈரம் அப்படியே கிடக்கும். இதைச் சொன்னால், "ஒருக்காப் பூட்டுறம், பெரிசாப் பூட்டுவம்" என்பார்கள்.

மணிபிளாண்ட் வைத்தால் காற்று சுத்தமாகுமா?

அழகுக்கு வையுங்கள். 1989இல் நாசா செய்த ஆய்வு அடைத்த சின்னப் பெட்டிக்குள் நடந்தது. சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குப் பத்தில் இருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019இல் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். பிறகு மேசை வைக்க இடமிருக்காது.

ஏர் பியூரிஃபையர்?

ஹெப்பா வடிகட்டி உள்ளது என்றால் தூசி, புகை, கிருமித் துளி எல்லாவற்றையும் நன்றாகப் பிடிக்கும். காபனீரொட்சைட்டைத் தொடாது. 85 கன மீட்டர் அறைக்கு மணிக்கு 400 கன மீட்டருக்குக் குறையாத கருவி வேண்டும். மேசை விளக்கு அளவில் விற்பது பொம்மை. ஓசோன் விடுகிறது என்று பெருமையாக எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம், ஓசோன் நுரையீரலை அரிக்கும். லேசர் பிரிண்டரும் போட்டோக்கொப்பி மெசினும் கொஞ்சம் ஓசோன் விடுவது உண்டு. அவற்றை எக்ஸோஸ்ட் ஃபேன் பக்கத்துக்கு நகர்த்துங்கள். பெரும்பாலும் அந்த மெசின் காற்றே இல்லாத மூலையில், ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடலாமா?

போடுங்கள், யன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, சாமிப் படத்துக்கு முன்னால் புகைப்பதுதான் பிழை. ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருந்தால் விறாந்தையில் காட்டலாம், சாமி கோபிக்காது. நுளம்புத்திரி மட்டும் அடைத்த அறையில் கூடவே கூடாது. ஒரு திரி எரிந்து முடியும்போது விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது.

கரண்ட் போனால் ஜெனரேட்டரை எங்கே வைப்பது?

இதில் பகிடி இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது படிக்கட்டின் கீழே, பின் விறாந்தையில், ஒரு இடத்தில் குளியலறைக்குள்கூட ஜெனரேட்டர் ஓடக் கண்டேன். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றும். கட்டடத்துக்கு வெளியே, எந்த யன்னலுக்கும் கதவுக்கும் 20 அடிக்குக் குறையாமல், புகைக்குழாய் எதிர்த்திசையில் பார்த்தபடி வையுங்கள். தலை சுற்றி, வாந்தி வருவது போல ஒருவருக்கு இருந்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். காரணம் பிறகு தேடலாம்.

மீட்டர் வாங்க வேண்டுமா? எது நல்லது?

கிளைக்கு ஒன்று இருந்தால் நல்லது. அறை அறையாகக் கொண்டுபோய் வைக்கலாம். பெட்டியில் என்டிஐஆர் என்று இருக்க வேண்டும், அதாவது அகச்சிவப்புக் கதிரால் அளப்பது. மலிவானவை வேறு வாயுக்களை அளந்து காபனீரொட்சைட்டை ஊகித்துக் காட்டும். சென்ற் அடித்தவர் பக்கத்தில் வந்தால் எண் எகிறும். சரி பார்ப்பது இலேசு. டச்சுக் குடாக் கடற்கரையில் பத்து நிமிடம் வையுங்கள், 420, 430 அளவில் நிற்க வேண்டும். அலுவலகத்தில் உங்கள் வாய்க்கு நேரேயோ யன்னலோரமோ வைக்காமல் அறை நடுவில், மேசை உயரத்தில் வையுங்கள்.

எக்ஸோஸ்ட் ஃபேனை எந்தச் சுவரில் பூட்டுவது?

கதவுக்கு எதிர்ச் சுவரில், உயரத்தில். கதவுப் பக்கமிருந்து காற்று வரட்டும். ஆனால் அந்தக் கதவு கழிப்பறை நடைபாதைக்குத் திறந்தால் கழிப்பறைக் காற்றைத்தான் இழுப்பீர்கள். அப்படியென்றால் எதிர்ப் பக்க யன்னலை நாலு அங்குலம் திறந்து வைப்பது மேல். பூட்டியபின் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மேசை மேசையாக நில்லுங்கள். புகை ஃபேனை நோக்கிச் சாய்ந்தால் வேலை செய்கிறது, நேரே மேலே போனால் அந்த மேசைக்குக் காற்று வரவில்லை.

திசையையும் பாருங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று மேற்கில் இருந்து அடிக்கும். மேற்குச் சுவரில் பூட்டினால் ஃபேன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வந்து மழையையும் சேர்த்து உள்ளே தள்ளும். வசதியிருந்தால் தெற்குச் சுவர். இல்லையென்றால் நிறுத்தியதும் தானே மூடிக்கொள்கிற இதழ் வைத்த ஃபேனாகக் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூட. ஓட்டை போட முதல் கூரைத் தகடும் சீலிங்கும் அஸ்பெஸ்ரோஸா என்று பாருங்கள். அதில் ட்ரில் வைக்கக்கூடாது, சுவரில் மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.